மூளிக் கணக்கு

எனக்குக் கணக்கு வரும். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. சிலருக்குச் சமையல் வரும், சிலருக்குப் பாட்டு வரும், எனக்குக் கணக்கு வந்தது. கூடவே சண்டையும் வந்தது. பி.யூ.சி. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு வருஷத்தில் இரண்டையும் நன்றாகவே வளர்த்துக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. உறையூரில் ஒரு சந்துக்குள் ஒன்றரை அறை வீடு. அப்பா கல்யாணச் சமையல் கோஷ்டியில் இருந்தார். முகூர்த்த மாதங்களில் அப்பா ஊரில் இருக்கமாட்டார். மற்ற மாதங்களில் அப்பா இருப்பார், வருமானம் இருக்காது. ஆகவே வருஷம் பூராவும் எங்கள் வீட்டில் உலை கொதித்தது அம்மாவின் கல்லால்தான்.

கல் என்றால் செயற்கை வைரக் கல். திருச்சியில் அப்போது எங்கள் சந்து மாதிரியான சந்துகளில் வீட்டுக்கு வீடு சக்கரம் சுற்றும். பெரிய கடை வீதியில் ஒரு முதலாளி முரட்டுக் கல்லை எண்ணிக் கொடுப்பார். அம்மா அதை அரக்கு வைத்துக் குச்சி நுனியில் ஒட்டி, இடது கையால் சக்கரத்தைச் சுற்றி, வலது கையால் கல்லை அதில் அழுத்திப் பட்டை தீட்டுவாள். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தால் கல்லுக்கு நாலு பைசா கூலி. முதலாளி ஒவ்வொரு கல்லையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். ஓரத்தில் பொடிப் பொடியாகப் பெயர்ந்திருந்தாலோ, பட்டை கோணலாக விழுந்திருந்தாலோ அது மூளி. மூளிக்குக் கூலி கிடையாது. அதோடு விட்டாலும் பரவாயில்லை, கல்லின் விலை என்று ஆறு பைசா பிடித்தம் வேறு. பிடித்தது போக, மூளிக் கல்லையும் அவரே வைத்துக்கொள்வார்.

“காசையும் புடுங்கிக்கிட்டு கல்லையும் வெச்சுக்கிறாரு. இது எந்த ஊரு நியாயம்?” என்று நான் குதிப்பேன்.

“அவரு கடை, அவரு கல்லு, அவரு கண்ணாடி. நீ போயி அரிசியில கல்லு பொறுக்கு, போ” என்பாள் அம்மா.

வாரத்துக்கு முந்நூறு கல். வீட்டுக்கு வந்ததும் எண்ணிப் பார்ப்பது என் வேலை. கூலிப் பணமும் என் கைக்குத்தான் வரும், ஏனென்றால் மளிகை, பால், வாடகை என்று பிரிப்பது நான். அம்மாவுக்குக் கை சுத்தம். முந்நூற்றில் நாலு மூளி விழுந்தால் அதிகம். பதினொரு ரூபாய் அறுபது பைசா, வாராவாரம், கோயில் மணி மாதிரி வந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வெளியே புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் கூலிப் பிரிவுக்குக் குமாஸ்தாக்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தார்கள். மாதச் சம்பளம். மழை பெய்தாலும் சம்பளம், முகூர்த்தம் இல்லாவிட்டாலும் சம்பளம். எனக்கு அந்த வேலை கிடைத்துவிட்டால் அம்மா சக்கரத்தைக் கட்டிப் பரணில் போட்டுவிடலாம். நான் அதை அம்மாவிடம் சொன்னபோது அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“அப்புறம் பகல்ல நான் என்னடி பண்றது?”

“தூங்கு.”

“பகல்ல தூங்கிப் பாத்ததே இல்ல” என்றாள், திருப்பதிக்குப் போவதைப் பற்றிப் பேசுகிறவளைப் போல. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த வேலையை எப்படியாவது வாங்கியே தீருவது என்று.

என்னோடு பி.யூ.சி. படித்த ஸ்ரீரங்கத்துத் தோழியும் விண்ணப்பம் போட்டிருந்தாள். உத்தர வீதியில் வீடு. அவளுடைய அண்ணன் பம்பாயில் இருந்தான். இந்த மாதிரிப் பரீட்சைகளில் இப்போது புதுவிதமான கேள்விகள் வருகின்றன என்று சொல்லி, சைக்ளோஸ்டைல் செய்த தாள்கள் ஒரு கட்டு அனுப்பியிருந்தான். வாரத்தில் மூன்று நாள் நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி அவள் வீட்டுக்குப் போவேன். அவள் அம்மா பெரிய டம்ளரில் காப்பி கொடுப்பார். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து அந்தத் தாள்களோடு மல்லுக்கட்டுவோம்.

அந்தக் கேள்விகளை முதலில் பார்த்தபோது அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். ஒரு கேள்வி இருக்கும். அதன் கீழே இரண்டு தகவல்கள் இருக்கும். ஆனால் விடையைக் கண்டுபிடிக்கக் கூடாதாம். விடை காண முதல் தகவல் மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, எது ஒன்று இருந்தாலும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தும் போதாதா என்று மட்டும் சொல்ல வேண்டுமாம். இலை போட்டுப் பரிமாறிவிட்டு, சாப்பிடாதே, வயிறு நிறையுமா என்று மட்டும் சொல் என்பது போல இருந்தது.

கூலிப் பிரிவு வேலை என்பதாலோ என்னவோ, பாதிக் கேள்விகள் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களைப் பற்றியே இருந்தன. அதில்தான் எனக்குச் சனி பிடித்தது.

தோழி ஒன்றைப் படித்தாள். “ஒருத்தனுக்குக் கூடை ஒண்ணுக்கு முப்பது பைசா கூலி. திங்கக்கிழமை அவன் எத்தனை கூடை முடைஞ்சான்? தகவல் ஒண்ணு, திங்கக்கிழமை அவனுக்கு மூணு ரூபாய் கெடச்சுது. தகவல் ரெண்டு, செவ்வாக்கிழமை அவன் ரெண்டு கூடை அதிகமா முடைஞ்சான். சொல்லு.”

“ரெண்டும் சேந்தும் போதாது.”

“எப்படிடீ போதாது? மூணு ரூபாயை முப்பது பைசாவால வகுத்தா முடிஞ்சுது. மொதல் தகவலே போறும்.”

“மூளி எத்தனைன்னு சொல்லலையே.”

“கூடைல ஏதுடீ மூளி?”

“பிடி பிஞ்சிருந்தா? கோணலா இருந்தா? பத்துக் கூடைக்குக் காசு வந்துதுன்னா பத்துதான் முடைஞ்சான்னு எப்படிச் சொல்றே? பதிமூணு முடைஞ்சிருப்பான். மூணைக் கழிச்சிருப்பாங்க.”

தோழி தாளைக் கீழே வைத்தாள். அவள் சாதுவான பெண். ஆனால் அன்றைக்கு அவளுக்கே பொறுமை போய்விட்டது. “ஏண்டி, கேள்வில இல்லாததையெல்லாம் நீ எங்கேர்ந்து கொண்டு வரே? கேள்வில இல்லாதது லோகத்துலயே இல்லே. அப்படி நெனச்சுண்டு போடு” என்றாள்.

என்னால் முடியவில்லை. செங்கல் அறுக்கிறவனைப் பற்றிக் கேள்வி வந்தால் மழையில் கரைந்த செங்கல் என் கண்ணில் நின்றது. அப்பளம் இடுகிறவளைப் பற்றி வந்தால் விரிசல் விட்ட அப்பளம் நின்றது. இருபது கேள்வியில் பதினேழுக்கு ‘போதாது’ என்று எழுதி, இரண்டு மட்டும் சரியாக வாங்கினேன். தோழி பதினெட்டு. திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அந்தக் கேள்வி எழுதினவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவன் ஒரு நாளாவது கூலிக்கு வேலை செய்திருந்தால் இப்படி எழுதியிருப்பானா?

ஒரு தடவை தோழி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா மூலையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தாள். தோழி சத்தமாகப் படித்தாள். “ஒருத்தி பன்னெண்டு சட்டை தெச்சா. கூலி எவ்வளவு? தகவல் ஒண்ணு, சட்டைக்கு நாப்பது பைசா. தகவல் ரெண்டு, அவ எட்டு மணி நேரம் தெச்சா.”

சக்கரம் நின்றது. “நூலு யாரு காசு?” என்றாள் அம்மா.

“அது கேள்வில இல்லேம்மா.”

“மிஷினு சொந்தமா, வாடகையா?”

தோழி சிரித்துவிட்டாள். “அம்மா, தயவுபண்ணி நீங்க மட்டும் பரீட்சைக்கு வந்துடாதீங்கோ” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மாவுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கே என் வியாதி புரிந்தது. அதற்கு மருந்தும் நானே கண்டுபிடித்தேன். மூளியே இல்லாத ஒரு தேசம் இருக்கிறது, கேள்வியில் வருகிறவர்கள் எல்லோரும் அங்கே வசிக்கிறார்கள், அங்கே கூடை கோணாது, நூல் அறாது, அப்பளம் விரிசல் விடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரே வாரத்தில் பதினாறு வாங்கினேன். அதற்கடுத்த வாரம் பத்தொன்பது.

இதற்கிடையே வீட்டில் ஒரு வில்லங்கம். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை அம்மா எட்டு ரூபாய் மட்டும் கொண்டுவந்தாள். என்ன என்று கேட்டதற்கு, “ரேட்டைக் கொறைச்சிட்டாரு. கல்லுக்கு மூணு பைசாதானாம்” என்றாள்.

“மூளி எத்தனை?”

“பதினொண்ணு. இப்ப வர்ற கல்லே மட்டம்.”

நான் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். “ஒரு பைசா கொறையுதேம்மா.”

“ஒரு பைசாவுக்காக நான் கடை வாசல்ல போயி நிக்கவா?” என்று எரிந்து விழுந்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அம்மா மேல் இல்லை, முதலாளி மேல். அதற்குப் பிறகும் வாராவாரம் எட்டு ரூபாய்க்குப் பக்கத்தில்தான் வந்தது. மூன்று மாதமும் அந்த மனிதருக்கு எங்கள் வீட்டில் தினமும் அர்ச்சனை நடந்தது. குழம்பில் உப்புக் கூடினாலும் அவரைத்தான் திட்டினேன். பரீட்சை முடிந்ததும் சந்தில் கல் வேலை செய்கிறவர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்க் கடை வாசலில் நியாயம் கேட்பது என்று திட்டமும் போட்டு வைத்திருந்தேன். அம்மா மட்டும், “அவரைத் திட்டாதடி, பாவம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய நல்ல மனசு என்று நினைத்தேன்.

பரீட்சை அன்று காலையில் பஸ்ஸில் பக்கத்து வீட்டு அக்காவும் ஏறினார். அவரும் அதே முதலாளியிடம்தான் கல் வாங்கிச் செய்கிறார். நல்ல நாளும் அதுவுமாக வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “ரேட்டு கொறைச்சதுக்கு நீங்க யாருமே ஒண்ணும் கேக்கலையாக்கா?” என்றேன்.

“யாரு கொறைச்சா? நாலு பைசாதான் குடுக்கறாரு. முந்தாநேத்துகூட வாங்கினேனே” என்றார் அக்கா.

அடப்பாவி, ஆளுக்கொரு ரேட்டா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மா சாது என்பதால் ஏய்க்கிறான். அந்த ஆத்திரத்தோடுதான் கண்டோன்மென்ட் பக்கம் இருந்த பள்ளிக்கூட ஹாலுக்குள் நுழைந்தேன்.

ஆனால் தாளைப் பார்த்ததும் ஆத்திரம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவ்வளவு சுலபம். மூளி இல்லாத தேசத்துக் குடிமக்கள் வரிசையாக வந்தார்கள், நான் வரிசையாக அனுப்பிவைத்தேன். இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த தோழியைவிட முன்னால் பக்கம் புரட்டினேன். இந்த வேலை எனக்குத்தான் என்று அப்போது தோன்றியது. அம்மா பாய் விரித்துப் பகலில் தூங்குவதுகூடக் கண்ணில் தெரிந்தது.

முப்பதாவது கேள்வியோ என்னவோ. “ஒரு தொழிலாளிக்கு நல்ல உருப்படி ஒன்றுக்கு இவ்வளவு கூலி, கெட்டுப்போன உருப்படி ஒன்றுக்கு இவ்வளவு பிடித்தம். அந்த வாரம் அவர் கெடுத்தது எத்தனை? தகவல் ஒன்று: அவர் மொத்தம் எடுத்துச் சென்ற உருப்படிகள் இத்தனை. தகவல் இரண்டு: அவர் கைக்கு வந்த கூலி இவ்வளவு.”

எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. கடைசியில் மூளி என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொண்ட ஒரு புண்ணியவான்! மொத்தமும் தெரியும், கூலியும் தெரியும் என்றால் கெட்டது எத்தனை என்பது வந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் போதும். குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

போனேன் என்றுதான் நினைத்தேன். கண் அடுத்த கேள்வியில் இருந்தது, கை கேள்வித்தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தது. எடுத்து வந்தது முந்நூறு. நானே எண்ணினேன். கூலி நாலு பைசா. அக்கா சொன்னார். பிடித்தம் ஆறு பைசா. கைக்கு வந்தது எட்டு ரூபாய். நானே வாங்கி டப்பாவில் போட்டேன். எல்லாம் நல்ல கல்லாக இருந்தால் பன்னிரண்டு ரூபாய் வந்திருக்கும். ஒவ்வொரு மூளிக்கும் கூலி நாலு, பிடித்தம் ஆறு, ஆகப் பத்துப் பைசா குறையும். குறைந்தது நாலு ரூபாய்.

நாற்பது மூளி.

அன்றைக்கு இடித்த அந்த ஒரு பைசாகூட இப்போது இடிக்கவில்லை. முதலாளி ரேட்டைக் குறைக்கவே இல்லை. எங்கள் சந்திலேயே கை சுத்தம் என்று பெயர் வாங்கினவள் வாரத்துக்கு நாற்பது கல்லைக் கெடுக்கிறாள். ஏன் என்பதற்கு எந்தத் தகவலும் தேவைப்படவில்லை. சக்கரத்தை ஜன்னலோரமாக நகர்த்திப் போட்டது, அரிசியில் கல் பொறுக்குவதை முழுக்க என் தலையில் கட்டியது, ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அந்த வாரம்தான் இப்படியோ என்று அதற்கு அடுத்த வாரம், அதற்கும் அடுத்த வாரம் என்று போட்டுக்கொண்டே போனேன். விடை காணாதே என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்த தாளில், ஓரம் முழுக்க விடை கண்டுகொண்டிருந்தேன். மணி அடித்தபோது கடைசி ஏழு கேள்விகள் வெள்ளையாக இருந்தன.

வேலை விஷயத்தை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். தோழிக்கு முதல் பட்டியலிலேயே கிடைத்தது. என்னைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டு, யாரோ ஒருத்தி கல்யாணமாகிப் போனதும் மறுவருஷம் ஆடியில் கூப்பிட்டார்கள். அந்த ஏழு கேள்விகளுக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை என்று சொன்னால் பொய். ரொம்ப வருத்தப்பட்டேன்.

பரீட்சை முடிந்து பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். அம்மா ஜன்னலோரம் சக்கரத்தின் முன்னால் இருந்தாள். குச்சியை மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“நல்லா எழுதினியா?”

“வாரத்துக்கு நாப்பது மூளி” என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அம்மா குச்சியைக் கீழே வைத்தாள். “யாரு சொன்னா? முதலாளியா?”

“யாரும் சொல்லல. நானே போட்டுப் பாத்தேன். முந்நூறு கல்லு, நாலு பைசா ரேட்டு, எட்டு ரூபா கூலி. நாப்பதுதான் வரும். கண்ணு தெரியலைன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? மூணு மாசமா அந்த மனுஷனை நான் எப்படியெல்லாம் திட்டிட்டேன்!”

கத்தினேன். பயம் வந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை, பார்வை மங்கலாக இருந்ததால் துடைத்தாள்.

“நாப்பது இல்ல” என்றாள். “அறுவது.”

“அறுவதுன்னா ஆறு ரூபாதானே வரும்? நீ எட்டு குடுத்தியே.”

“ரெண்டு ரூபா நான் சேத்துப் போட்டேன். வாராவாரம்.”

“ஏது காசு?”

“நீ ஆபீசு போனா கட்டிக்க ரெண்டு மெல்லிசு வாயில் பொடவை எடுக்கலாம்னு பருப்பு டப்பாவுக்கு அடியில போட்டு வெச்சிருந்தேன்.”

“எதுக்கும்மா சேத்துப் போட்டே? ஆறுன்னா ஆறுன்னு குடுக்க வேண்டியதுதானே?”

“எட்டு ரூபான்னாதான் மூணு பைசா ரேட்டுக்கு ஏறக்குறைய ஒத்து வந்துது. மூளி கூடும்னு தெரிஞ்சு, சனிக்கிழமைக்கு முந்தியே மூணு ராத்திரி விரல் விட்டு எண்ணிப் பாத்தேன். அப்பயும் ஒரு பைசா ஒதைச்சுது. ஆறு ரூபாயைக் கொண்டாந்து குடுத்திருந்தா நீ அன்னிக்கே கண்டுபிடிச்சு, பரீட்சையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டு அலைஞ்சிருப்பே. நீ கணக்குப் போடற பொண்ணுன்னு எனக்குத் தெரியாதா?”

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா கையில் மாவோடு ஓடி வந்தார். என்னையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார். “பரீட்சைதானே, போனாப் போகுது விடு, கணக்கு எல்லாருக்கும் வந்துடுமா என்ன?” என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.